விழும்போது சொல்லும் வரி

அக்காவின் குரல் ஊரில் பாதிப் பேருக்குப் பழக்கம். முகம்தான் யாருக்கும் தெரியாது. மின்தூக்கியில் ஏறினால் "மூன்றாவது தளம்" என்று சொல்பவள் அவள்தான். வங்கிக்குப் போன் செய்தவர்களை "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று கெஞ்சிக் கெஞ்சியே அரைமணி நேரம் காக்க வைப்பவளும் அவள்தான். இருபது வருடமாக ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றபடி பேசிப் பிழைக்கிறாள். கார்ட்டூனில் பத்து வயதுப் பையனாகப் பேசுவாள், அடுத்த மணி நேரத்தில் சோப்பு விளம்பரத்துக்கு மருமகளாகக் குழைவாள்.

"நீ வாயைத் தொறந்தா சம்பளம். நான் வாயைத் தொறந்தா வம்பு" என்று தம்பி கிண்டல் செய்வான்.

தம்பி அவளைவிட ஆறு வயது சின்னவன். குளிர்பதனக் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாரம் முழுக்கக் கம்பளிக் கோட்டுக்குள் உறைந்து கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் சொர்க்கம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் பிறகு இடி விழுந்தாலும் கேட்காது. துப்பாக்கிச் சண்டை கேம். அவனோடு சேர்ந்து ஆட நான்கு கூட்டாளிகள். ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து பேரும் ஒரே படையாகப் போவார்கள்.

அந்த கேமை ஒரு தடவை வாங்கினால் தீராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது மேப் வரும், அதற்குத் தனிக் காசு. சிப்பாய்க்கு உடுப்பு வரும், அதற்கும் தனிக் காசு. வாங்கியவர்கள் புது இடத்துக்குச் சண்டை போடப் போய்விடுவார்கள். வாங்காதவன் பழைய மேப்பில் ஆள் இல்லாமல் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் ஐந்து பேரும் ஒப்பந்தம் போட்டதுபோல ஒரே நாளில் வாங்குவார்கள்.

அப்படிப்பட்ட கேமுக்கு சிப்பாய்கள் நம் மொழியில் பேசும் ஒரு வாய்ஸ் பேக் விற்கப்போகிறார்கள், பெண் தளபதிக்கு அக்காதான் குரல் என்றதும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. சிப்பாய்கள் எப்போது கத்துவார்கள், எப்போது கிசுகிசுப்பார்கள் என்று வீட்டுக்கே வந்து பாடம் எடுத்தான்.

"குண்டு பட்டதும் உடனே செத்துட மாட்டாங்கக்கா. கொஞ்ச நேரம் தரையில கெடப்பாங்க. கூட்டாளி ஓடி வந்து தூக்கினா பொழைச்சுக்கலாம். அப்ப ஏதாவது முனகணும். அதான் முக்கியம்."

"முனகறதுல எனக்குப் பயிற்சி இருக்குடா. முதுகு வலிக்கு தினமும் முனகறேன்" என்றாள் அக்கா.

பதிவு இரண்டு நாள் நடந்தது. முந்நூறு வரிக்கு மேல். "முன்னேறுங்க", "குண்டு தீர்ந்துருச்சு", "மேல மாடியில ரெண்டு பேர்" என்று கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது. இரண்டாம் நாள் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க விழுந்து கிடக்கும்போது சொல்லும் வரிகள். பன்னிரண்டு வேண்டும். பதினொன்று முடிந்தது. கேம் கம்பெனியிலிருந்து வந்திருந்த வசனப் பொறுப்பாளர், இளவயதுப் பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் பேசினாள்.

"மேடம், இதுவரைக்கும் எல்லாம் ஒரு சிப்பாய் சாகற மாதிரி இருக்கு. கடைசி ஒண்ணு, ஒரு மனுஷி சாகற மாதிரி வேணும். தாள்ல எதுவும் எழுதல. உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

அக்கா ஆறு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். யோசித்துச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினாள், வந்துவிட்டது. குரலும் அவளுடையது இல்லை.

"சின்னவன் வந்துட்டானா... கதவைச் சாத்திடாதே."

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பொறுப்பாளர் பெண் கையிலிருந்த தாளை மடித்தாள். பிறகு, "போதும் மேடம். இன்னொரு தடவை எடுக்க வேண்டாம்" என்றாள்.

அது அம்மா சொன்னது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அம்மாவுக்கு அக்கா "பெரியவ", தம்பி "சின்னவன்". அன்று காலையிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா தம்பிக்குப் போன் மேல் போன் போட்டாள், எடுக்கவில்லை. நான்கு மணிக்கு அம்மா போய்விட்டாள். ஆறரைக்குத்தான் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். கிடங்கில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அது அடித்துக்கொண்டே இருந்ததை மேற்பார்வையாளர் வந்து சொல்லவே இல்லை என்றான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்பட்டாங்களாக்கா?" என்று கேட்டான்.

"இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள்.

அவன் தோள் இறங்கியது. அதைப் பார்த்ததும், சொன்ன பொய் சரியான பொய்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா அன்று முழுக்க அவனையே கேட்டதையும், கடைசி அரைமணி நேரத்தில் நடந்ததையும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முகம் தெரியாத அந்த மேற்பார்வையாளரை மட்டும் மூன்று வருடமாகச் சபித்துக்கொண்டிருந்தாள்.

பதிவு முடிந்து பஸ்ஸில் வரும்போது, அந்த வரியை எடுத்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்பது ஒரு காரணம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. இருபது வருடத்தில் அவள் பேசியதிலேயே நன்றாக அமைந்தது அதுதான். தொழில்காரப் புத்தி விடவில்லை.

பேக் விற்பனைக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே தம்பி வாங்கினான். கூட்டாளிகள் நால்வரையும் கரடியாய்க் கத்தி வாங்க வைத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்து, "நீ போட்ட அதட்டல்ல எங்க டீம்ல ஒருத்தர் நிஜமாவே எழுந்து நின்னுட்டாராம்" என்று சிரித்தான். விழும்போது சொல்லும் வரிகளில் எது வரும் என்று கேமே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் எடுக்கும். முதல் ஞாயிறு அந்த வரி அவனுக்கு வரவில்லை.

மற்றவர்களுக்கு வந்திருக்கிறது. மூன்றாம் வாரம் அக்கா ஓர் அலுவலகக் கட்டடத்தின் மின்தூக்கியில் நின்றுகொண்டிருந்தாள். ஓர் இளைஞன் தூரத்திலிருந்து ஓடி வந்தான். உள்ளே நின்ற அவன் நண்பன் கதவைக் கையால் தடுத்துக்கொண்டு, இழுத்து இழுத்து, சாகப்போகிற கிழவிபோல, "சின்னவன் வந்துட்டானா... கதவைச் சாத்திடாதே" என்றான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓடி வந்தவன் நுழைந்ததும், கூரையிலிருந்து அக்காவின் குரலே "கதவுகள் மூடுகின்றன" என்றது. போக வேண்டிய தளம் வந்தும் அவள் இறங்கவில்லை. மேலே போய், மறுபடி கீழே வந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அன்றே பொறுப்பாளர் பெண்ணுக்கு எழுதினாள். விற்றதைத் திரும்ப வாங்க முடியாது, ஆனால் அடுத்த அப்டேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றலாம், வேறொன்று பேசித் தருவீர்களா என்று பதில் வந்தது. வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள்.

அதற்குள் தம்பி மனைவியிடமிருந்து போன்.

"அண்ணி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? இவர் ஒரு மாதிரியா இருக்கார். நாலு நாளா லீவு போட்டுட்டு கேமே கதின்னு உக்காந்திருக்கார். விளையாடினாக்கூடப் பரவாயில்ல. வேணும்னே சாகறார்."



செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, வரவேற்பறைத் திரைகள் இழுத்து மூடியிருந்தன. தம்பி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நான்கு நாள் தாடி. ஹெட்செட் காதில் இல்லை, பக்கத்தில் கிடந்தது. அதற்குள்ளிருந்து கூட்டாளி ஒருவரின் குரல் கொசுபோல் கேட்டது. "என்னப்பா பண்றே, உள்ள வா, உள்ள வா."

டிவியில் பெண் தளபதி ஒளிந்திருந்த சுவரை விட்டு நடுத்தெருவுக்கு வந்து, துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். எங்கிருந்தோ குண்டு வந்தது. விழுந்தாள்.

"கால்ல பட்டுருச்சு, தூக்குங்க" என்றது அக்காவின் குரல்.

"இது இல்ல" என்றான் தம்பி.

மறுபடி நடுத்தெரு. மறுபடி குண்டு. "என்னை விட்டுட்டுப் போங்க."

"இது இல்ல."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். தன் குரல் செத்துக்கொண்டே இருந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ அந்த வரி வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"இது அவங்க எழுதிக் குடுத்ததா, நீயா சொன்னதா?"

எழுதிக் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் யாரும் நம்புவார்கள். "அம்மா சொன்னது" என்றாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொன்னே."

"சொன்னேன்."

"எத்தனை தடவ கேட்டாங்க?"

"ரெண்டு மூணு தடவ இருக்கும்."

"நல்லா நடிப்பேக்கா நீ. ஆனா எங்கிட்ட வேண்டாம்."

அக்கா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மத்தியானத்துலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. நர்ஸ் கதவைச் சாத்த வந்தப்பல்லாம் விடல. அது நீ வர்ற வழின்னு சொல்லிட்டாங்க. வேலைக்குப் போன எடத்துல நீ என்னடா பண்ணுவே. அந்தப் பாவி மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அவரைத் திட்டாதே. அவருக்கு ஒண்ணும் தெரியாது." தம்பி கார்ப்பெட்டின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நான் கிடங்குக்கே போகல. புது மேப் வந்த நாள் அது. அஞ்சு பேரும் சொல்லி வெச்சு லீவு போட்டிருந்தோம். போன் உள் ரூம்ல சார்ஜ்ல கெடந்துச்சு. பதினாலு தடவ கூப்பிட்டிருக்கே. இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த தம்பி மனைவி கையிலிருந்த தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவளுக்கும் அது புதிது என்று முகமே சொன்னது.

மன்னிப்புக் கேட்கத்தான் அக்கா வந்திருந்தாள். இப்போது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருடமாக இவனுக்கு ஆறுதல் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"நானாவது உன் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொன்னேன். நீ எதுக்குடா சொன்னே?"

"பயம்" என்றான்.

அவள் எழுந்தபோது அவன் தலை நிமிராமலே கேட்டான். "அதை எடுத்துடச் சொல்லாதேக்கா. எனக்குன்னு அம்மா சொன்னது அது ஒண்ணுதான் இருக்கு."

"வியாழக்கிழமை எடுக்கப் போறாங்க."

"அக்கா."

"அது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. அதை நான் வித்திருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அந்த நிமிஷம் வரைக்கும் வியாழக்கிழமை போவதா வேண்டாமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கோபம்தான் முடிவு செய்தது.

வியாழக்கிழமை தாளில் எழுதியிருந்த வரியைப் பேசினாள். "நான் பார்த்துக்கறேன், நீங்க முன்னேறுங்க." ஒரே தடவையில் முடிந்தது. பொறுப்பாளர் பெண் தயங்கி, "பழசுதான் மேடம் நல்லா இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அப்டேட் வந்தது. ஊரெல்லாம் அந்த வரி மறைந்தது. தம்பி வீட்டில் மட்டும் மறையவில்லை. அப்டேட் ஏறிவிடக் கூடாது என்று கேம் ஓடும் கன்சோல் பெட்டிக்கு வரும் இணைய ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். ஒயர் இல்லாமல் கூட்டாளிகளோடு ஆட முடியாது. இயந்திரச் சிப்பாய்களோடு தனியாக ஆடலாம், அவ்வளவுதான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"வேலைக்குப் போறார், வர்றார், உக்காந்துடறார்" என்று தம்பி மனைவி போனில் சொன்னாள். "கூட்டாளிங்க போன் பண்ணா எடுக்கறதில்ல. நானும் பேசறதில்ல அண்ணி. எங்கிட்டயும் அன்னிக்கு வேலைன்னுதானே சொன்னார். ரெண்டு பேருக்கும் நடுவுல உங்க கொரல் ஒண்ணுதான் வீட்ல கேக்குது."

அக்கா மூன்று வாரம் போகவில்லை. பிடிவாதத்தில் அவளும் அந்த அம்மா பெற்ற பிள்ளைதான். பதினாலு தடவை போன் அடித்ததும் அவன் ஹெட்செட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததும் மாறி மாறிக் கண்முன் வந்தன. ஆனால் இன்னொன்றும் வந்தது. அந்த மத்தியானத்தின் ஞாபகம் முழுக்க அவளிடம் இருந்தது. அவனிடம் ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவன் தினமும் அம்மாவைக் கதவோரமே காக்க வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் போனாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் சத்தத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை.

"அதை நிறுத்து. அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன்."

நிறுத்தினான்.

அவள் சொன்னாள். அம்மாவின் குரலில் இல்லை, எந்தக் குரலிலும் இல்லை, கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. பன்னிரண்டு மணிக்குத் தலையணை சூடாக இருக்கிறது, திருப்பிப் போடு என்றாள் அம்மா. நர்ஸின் கை ஐஸ்கட்டியாக இருக்கிறது என்று திட்டினாள். சின்னவனைக் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றரை மணிக்குமேல் கண் தெரியாமல் போனது.

"அப்பவும் கதவு தொறந்துதான் இருந்துச்சு. நடைபாதைச் சத்தம் தாங்க முடியல. அவங்களுக்கு மூச்சு வாங்குது, தூங்கவும் மாட்டேங்கறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலடா." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் 'வந்துட்டேன்மா'ன்னு சொன்னேன். உன் கொரல்ல."

தம்பி அவளைப் பார்த்தான்.

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு சொன்னேன். கையைப் பிடிச்சாங்க. 'கொரல் கம்மியிருக்கு, தண்ணில நின்னியா'ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். 'இனிமே சாத்திக்கோ'ன்னாங்க. சாத்தினேன். கொஞ்ச நேரத்துல போயிட்டாங்க."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. தம்பி கண்ட்ரோலரைத் தள்ளி வைத்தான். பேசியபோது அவன் குரல்தான் கம்மியிருந்தது.

"நம்பினாங்களா?"

"தெரியல."

"உன் கையைத் தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியலடா. அதைத்தான் நானும் மூணு வருஷமா யோசிக்கறேன்."

"நான் நிக்க வேண்டிய எடத்துல நீ போய் நின்னுட்டே" என்றான். அது நன்றியா குற்றச்சாட்டா என்று அவளுக்குப் புரியவில்லை, அவனுக்குமே புரிந்திருக்காது. பிறகு, "எப்படிச் சொன்னே? ஒரு தடவ சொல்லிக் காட்டு" என்றான்.

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ."

"கேக்காதே. அம்மாகிட்ட ஒரு தடவ பண்ணேன், மைக் முன்னாடி ஒரு தடவ பண்ணேன். போதும்."

அவன் அழுதான். அவள் தட்டிக்கொடுக்கவில்லை, கை எழவில்லை. எழுந்தும் போகவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தம்பி மனைவி இன்னமும் அவனிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். ஒயரைத் திரும்ப மாட்டியது அவள்தான். மாட்டும்போது அவன் தடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஓடி அப்டேட் ஏறி முடிந்தது. கூட்டாளிகள் அதற்குள் அடுத்த மேப்பை வாங்கிப் போயிருந்தார்கள். அவன் வாங்கவில்லை. சில ஞாயிறுகளில் பழைய மேப்பில் முன்பின் தெரியாதவர்களோடு கொஞ்ச நேரம் ஆடுகிறான், தளபதியின் குரலை அணைத்துவிட்டு. ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து இரண்டாவது பேக்குக்கு அழைத்தபோது அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் தம்பி போன் செய்கிறான். வாரத்துக்கு ஒரு தடவை, வேலை இடைவேளையில், பின்னால் குளிர்பதன இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க. நலம் விசாரித்துவிட்டு, சுற்றி வளைத்து அந்த மத்தியானத்துக்கு வந்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வி. அம்மா ஏதாவது குடித்தாளா? எந்தப் புடவை? ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளா? தெரிந்ததை அக்கா சொல்வாள்.

போன வாரம், "அந்த அறையில கடிகாரம் இருந்துச்சாக்கா?" என்று கேட்டான்.

முன்பென்றால் அவள் வாய் தானாகவே ஒரு கடிகாரத்தை மாட்டியிருக்கும். நன்றாக யோசித்துப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்லடா" என்றாள்.